சேற்றுக் குமிழிக்குள் இருப்பது எந்த ஊர் வாயு?

வாசகர் கேள்வி – பதில், திருகோணமலையிலிருந்து

சென்ற இதழில் வயல் வாய்க்காலில் எழும்பும் குமிழிகளைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களும் வட்ஸ்அப் செய்திகளும் பெரும்பாலும் அந்தக் குமிழியைச் சுற்றியே இருக்கின்றன. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த முறைக்கு வைத்துக்கொண்டு இதையே பேசுவோம்.

தம்பலகாமத்திலிருந்து ஒரு விவசாயி: ஐயா, எங்கள் வயலோர வாய்க்காலில் தடியால் சேற்றைக் குத்தினால் குமிழி குமிழியாக வருகிறது. மகன் நெருப்புக்குச்சியைக் காட்டினான், பக்கென்று பற்றியது. இதைப் பார்த்த ஒருவர், கீழே பெற்றோலிய வாயு இருக்கிறது, ஆய்வு செய்வதற்கு முதலில் ஒரு தொகை கட்டுங்கள், பிறகு காணி பெரிய விலைக்குப் போகும் என்கிறார். கட்டலாமா?

கட்ட வேண்டாம் ஐயா. ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.

நெருப்புப் பற்றியது உண்மைதான், ஆனால் அதிலிருந்து தெரிவது உள்ளே மெதேன் இருக்கிறது என்பது மட்டுமே. 1776ஆம் ஆண்டு இத்தாலியில் அலெசாந்திரோ வோல்ற்றா, மின்கலத்தைச் செய்தாரே அவரேதான், மச்சோரே ஏரிக்கரையில் உங்கள் மகன் செய்ததையே செய்தார். தடியால் சேற்றைக் கிளறி, வந்த குமிழியைப் போத்தலில் பிடித்து, கொளுத்திப் பார்த்தார். அந்த ஏரிக்குக் கீழே எண்ணெய்க் கிணறு எதுவும் இருக்கவில்லை, அழுகிய நாணலும் இலையும்தான் இருந்தன.

கடிதம் வந்த கிழமையே உங்கள் பக்கம் வந்து பார்த்தேன். கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பாய்ந்து நிற்கிற வயல், போன போகத்து ஒட்டுத்தாள் அப்படியே சேற்றுக்குள் மிதிபட்டுக் கிடக்கிறது. தண்ணீர் தேங்கி நின்றால் சில நாட்களுக்குள் சேற்றிலுள்ள ஒட்சிசன் தீர்ந்துவிடும், அதன் பிறகு ஒட்சிசன் இல்லாமலே வாழத் தெரிந்த நுண்ணுயிர்கள் அந்த வைக்கோலைத் தின்று கடைசியில் மெதேனை விடும். ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தல் ஒன்றின் கழுத்துப் பகுதியை வெட்டிப் புனலாகக் கவிழ்த்து, அதன் வாயில் தண்ணீர் நிறைத்த இன்னொரு போத்தலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கிளறினேன். இருபது நிமிடத்தில் ஒரு சாண் உயரத்துக்கு வாயு சேர்ந்தது. கொளுத்தினால் மெல்லிய நீலச் சுவாலை, காலை வெயிலிலேயே கண்ணை இடுக்கிப் பார்த்தால்தான் தெரிகிறது. மணம் என்று சொல்லச் சேற்று மணம் மட்டுந்தான். மெதேனுக்குத் தனக்கென மணம் கிடையாது. அடுப்படிக் காஸ் சிலிண்டரில் வரும் நாற்றம், கசிவு தெரியட்டும் என்று வேண்டுமென்றே சேர்க்கப்படுவது.

இன்னொன்று, நம் மாவட்டத்தின் அடித்தளப் பாறை. கோணேசர் மலையில் நீங்கள் கால் வைக்கிற வகைப் பாறைதான் வயல் மண்ணுக்குக் கீழேயும் இருக்கிறது. ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு முன்பே பல நூறு பாகை வெப்பத்தில் வெந்து உருமாறிய பாறை அது. பெற்றோலியம் உருவாகக் கடலடியிலோ பள்ளத்திலோ படிந்த தடித்த அடையற் பாறை வேண்டும், அதுவும் அளவான சூட்டில்தான் வேக வேண்டும். அப்படிப்பட்ட வடிநிலங்கள் மன்னார்க் கடலிலும் காவிரிப் படுகையிலும் இருக்கின்றன. உங்கள் வயலுக்குக் கீழே அதை எதிர்பார்க்க நியாயமில்லை.

உப்புவெளியிலிருந்து ஒரு வாசகி: சேற்றிலிருந்து வருவதும் மெதேன், 2011இல் மன்னார்க் கடலில் கண்டதாகச் சொன்ன இயற்கை வாயுவும் பெரும்பாலும் மெதேன். ஒரு காபன், நான்கு ஐதரசன், அவ்வளவுதானே? பொருள் ஒன்றே என்றால் இது இங்கே பிறந்தது, அது அங்கே பிறந்தது என்று யாரால் சொல்ல முடியும்?

அந்தக் காபனால் சொல்ல முடியும். இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கம் முழுவதையும் ஒதுக்கினேன்.

எல்லாக் காபன் அணுவும் ஒரே நிறை இல்லை. நூற்றுக்கு ஏறத்தாழ 99 அணுக்கள் காபன்-12, மிச்சம் ஒன்று, சரியாகச் சொன்னால் ஒன்றுக்குச் சற்று மேல், ஒரு நியூத்திரன் கூடுதலாக உள்ள காபன்-13. இரண்டும் உறுதியானவை, சிதைவதில்லை. நம் பாடப்புத்தகங்களில் இவற்றைச் சமதானிகள் என்கிறோம், தமிழ்நாட்டு வாசகர்கள் ஐசோடோப்பு என்று படித்திருப்பார்கள். இந்த இரண்டும் எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்பது, அந்த மெதேன் எதிலிருந்து, எப்படி, எவ்வளவு சூட்டில் உண்டானது என்பதைப் பொறுத்துக் கொஞ்சமே கொஞ்சம் மாறும்.

எவ்வளவு கொஞ்சம் என்று பார்ப்போம். அமெரிக்காவின் தென் கரோலைனாவில் பீடீ என்ற இடத்துச் சுண்ணப் புதைபடிவம் ஒன்றைத்தான் உலகம் முழுவதும் அளவுகோலாக எடுத்தார்கள். அதில் ஒரு இலட்சம் காபன்-12க்கு ஏறத்தாழ 1,120 காபன்-13 இருக்கும். சேற்று வாயு ஒன்றில் இது 1,053 ஆகக் குறைந்திருக்கலாம். ஆழத்தில் வெந்து வந்த பெற்றோலிய வாயு ஒன்றில் 1,081 இருக்கலாம். இலட்சத்தில் 28 அணு வித்தியாசம்! இப்படி எழுதிக்கொண்டிருந்தால் கை வலிக்கும் என்பதால், அளவுகோலைவிட ஆயிரத்துக்கு எத்தனை பங்கு கூட அல்லது குறைவு என்று ஒரே எண்ணாகச் சொல்வார்கள். அதற்கு டெல்டா மதிப்பு என்று பெயர். நான் சொன்ன முதலாவது வாயு மைனஸ் 60, இரண்டாவது மைனஸ் 35.

நுண்ணுயிர் செய்த மெதேன் பொதுவாக மைனஸ் 50இலிருந்து மைனஸ் 110 வரை கீழே போகும். பூமிக்கடியில் வெப்பத்தால் உண்டானது பெரும்பாலும் மைனஸ் 50க்கும் மைனஸ் 20க்கும் நடுவே நிற்கும். எண் கீழே போகப் போகக் காபன் இலேசானது, மேலே வர வரப் பாரமானது, இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அளக்கிற விதமும் அழகானது. வாயுவில் கலந்திருக்கும் மெதேன், இரண்டு காபனுள்ள எதேன், மூன்று காபனுள்ள புரொப்பேன் எல்லாவற்றையும் நீண்ட மெல்லிய குழாய் ஒன்றினூடாக அனுப்பி ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிப்பார்கள். பிரிந்து வருவதைச் சூடான உலைக்குள் எரித்துக் காபனீரொட்சைட்டாக மாற்றுவார்கள். அது திணிவு நிறமாலைமானிக்குள் போகும். அங்கே ஏற்றம் பெற்ற மூலக்கூறுகளைக் காந்தப்புலம் வளைத்துவிடும். காபன்-12 உள்ள 44 நிறை மூலக்கூறு கூடுதலாக வளையும், காபன்-13 உள்ள 45 நிறை மூலக்கூறு சற்றுக் குறைவாக வளையும், இரண்டும் வெவ்வேறு கிண்ணத்தில் போய் விழும். எந்தக் கிண்ணத்தில் எவ்வளவு என்று எண்ணினால் கணக்கு முடிந்தது. ஒரு ஊசி அளவு வாயு இதற்குத் தாராளம்.

எதேன், புரொப்பேன் என்றேனே, அவையும் முக்கியமான சாட்சிகள். சேற்று நுண்ணுயிர்களுக்கு மெதேன் செய்யத்தான் நன்றாகத் தெரியும், எதேனும் புரொப்பேனும் அவற்றிடமிருந்து கிடைப்பது மிக மிக அற்பம். ஆழத்தில் பெரிய கரிமச் சங்கிலிகள் வெப்பத்தில் முறியும்போது சின்னத் துண்டு, பெரிய துண்டு எல்லாமே வரும். ஆகவே எதேனையும் புரொப்பேனையும் கூட்டிய தொகையைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேல் மெதேன் இருந்தால் நுண்ணுயிர் பக்கம் சந்தேகப்படுவார்கள், நூறு மடங்கைவிடக் குறைந்தால் வெப்பத்தின் பக்கம். எழுபதுகளில் பெர்னார்ட் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் இந்த விகிதத்தையும் டெல்டா எண்ணையும் ஒரே வரைபில் சேர்த்துப் போட்டார்கள், இன்றுவரை வாயு ஆய்வில் முதலில் வரைவது அதைத்தான்.

ஒரு தவறான எண்ணத்தையும் இங்கேயே திருத்திவிடுகிறேன். நுண்ணுயிர் வாயு என்றால் உதவாதது என்று பொருள் இல்லை. இத்தாலியின் போ சமவெளியிலும் அட்ரியாட்டிக் கடலிலும் தோண்டி எடுக்கிற வாயுவில் பெரும்பகுதி நுண்ணுயிர் செய்ததுதான். தடித்த படிவுகளுக்குள் பல இலட்சம் ஆண்டுகளாகச் சேர்ந்து, மேலே இறுக்கமான மூடி ஒன்றும் இருந்தால் அதுவும் பெரிய வயல்தான். தம்பலகாமத்து வாய்க்காலில் சேர்வது இந்தப் போகத்தில் உண்டாகி இந்தப் போகத்திலேயே காற்றோடு போய்விடுகிறது, அதுதான் வேறுபாடு.

மூதூரிலிருந்து ஓர் உயர்தர மாணவி: சேர், சமதானிகளின் இரசாயன இயல்புகள் ஒன்றே என்றுதான் வகுப்பில் படித்தோம். அப்படியானால் நுண்ணுயிருக்கு எது 12, எது 13 என்று எப்படித் தெரியும்?

அருமையான கேள்வி தங்கச்சி. நீங்கள் படித்ததும் சரி, ஆனால் முழுதாகச் சரியில்லை. தாக்கம் ஒன்றேதான், அதன் வேகத்தில்தான் சின்ன வித்தியாசம்.

ஒரு கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். பிணைப்பு ஒன்றை முறிப்பது என்பது கிணற்றிலிருந்து வாளியை வெளியே எடுப்பது மாதிரி. பிணைப்பிலுள்ள அணுக்கள் எப்போதும் அதிர்ந்துகொண்டே இருக்கும், எவ்வளவு குளிராக்கினாலும் அந்த அதிர்வு முழுதாக நிற்காது. இலேசான அணு கொஞ்சம் கூடுதல் சக்தியோடு அதிர்வதால் அதன் வாளி கிணற்றின் அடியிலிருந்து சற்று மேலே நிற்கும். பாரமான அணுவின் வாளி அதைவிட ஒரு விரற்கடை கீழே நிற்கும். வெளியே எடுக்க அதற்கு அந்த ஒரு விரற்கடை கூடுதலாக இழுக்க வேண்டும். நுண்ணுயிருக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை, இலேசானது தானாகவே முந்திக்கொள்ளும். சுளகில் கொழிக்கும்போது யாரும் பொறுக்கி எடுக்காமலே பதர் முன்னே பறக்கிறதே, அதுபோல.

இதில் இன்னொரு விஷயம், சூடு கூடக் கூட இந்த ஒரு விரற்கடையின் மதிப்புக் குறைந்துவிடும். சேற்றின் இளஞ்சூட்டில் காபனீரொட்சைட்டிலிருந்து மெதேன் செய்யும் நுண்ணுயிர், மூலப்பொருளைவிட ஆயிரத்துக்கு 60, 70 என்று இலேசான மெதேனைத் தரும். ஆழத்தில் நூறு, நூற்றைம்பது பாகையில் நடக்கிற முறிவில் இலேசுக்கு இவ்வளவு முன்னுரிமை கிடைக்காது. அங்கேயும் முதலில் முறிந்து வரும் மெதேன் இலேசாகவும், வெந்து முதிர முதிர வருவது பாரமாகவும் இருக்கும். ஆகவே வெப்பத்தால் பிறந்த வாயுவில் அந்த எண்ணை வைத்தே தாய்ப்பாறை எந்த அளவுக்கு வெந்திருக்கிறது என்றும் கணிக்கிறார்கள்.

சோதனையில் இது வராது என்று நினைக்கிறேன், ஆனாலும் உங்கள் ஆசிரியரிடம் இதைக் கேளுங்கள், அவர் சந்தோஷப்படுவார்.

சீனன்குடாவிலிருந்து: எங்கள் பக்கத்தில் வெள்ளைக்காரன் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் இருக்கின்றன. 1942 ஏப்ரலில் யப்பான் விமானங்கள் தாக்கியபோது ஒன்று எரிந்ததாகவும் அப்பா சொல்வார். பழைய எண்ணெய் மண்ணில் இறங்கி அதிலிருந்து இப்படி வாயு வர முடியுமா?

பொதுவாகச் சொன்னால் முடியும். மண்ணுக்குள் இறங்கிய எண்ணெயையும் நுண்ணுயிர்கள் தின்னும், ஒட்சிசன் தீர்ந்த இடத்தில் அதிலிருந்தும் மெதேன் வரும். அப்போது காபன்-13 எண் மட்டும் பார்த்தால் சேற்று வாயு மாதிரியே காட்டலாம், ஏனென்றால் இரண்டையும் செய்தது நுண்ணுயிர்தான்.

இங்கேதான் மூன்றாவது உறவினரைக் கூப்பிட வேண்டும், காபன்-14. இது சிதைகிறது, 5,730 ஆண்டுகளில் பாதியாகிவிடும். நேற்று முளைத்த புல்லிலும் வைக்கோலிலும் அது இருக்கும். பெற்றோலியமோ கோடி ஆண்டுக் கணக்கில் பழையது, அதில் காபன்-14 எப்போதோ தீர்ந்துபோயிற்று. ஆகவே குமிழியின் மெதேனில் காபன்-14 நிறைய இருந்தால் வைக்கோல், சருகு, குப்பை. இல்லவே இல்லை என்றால் அந்தக் காபன் பெற்றோலியத்திலிருந்தோ வேறு பழைய இருப்பிலிருந்தோ வந்தது. குப்பைமேட்டு வாயுவா, குழாய்க் கசிவா என்று வழக்கு வருகிற இடங்களில் இந்தச் சோதனைதான் கைகொடுக்கிறது.

உங்கள் பக்கக் கிணற்றில் எண்ணெய்ப் படலமோ மணமோ இருந்தால் வாயுவைப் பற்றி யோசிப்பதற்கு முன் அந்தத் தண்ணீரைக் குடிப்பதை நிறுத்துங்கள், பரிசோதிக்கக் கொடுங்கள்.

கிண்ணியாவிலிருந்து ஒரு மீனவர்: களப்புப் பக்கம் கண்டல் சேற்றை மிதித்தால் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும், ஆனால் வயலில் வருகிற அளவுக்குக் குமிழி வருவதில்லை. சேறு ஒன்றுதானே?

சேறு ஒன்று மாதிரித்தான், தண்ணீர் வேறு. கடல் நீரில் சல்பேற்று நிறைய இருக்கிறது. அதை மூச்சாகப் பயன்படுத்தும் பற்றீரியா, மெதேன் செய்கிறவற்றின் சாப்பாட்டை முந்திப் பறித்துக்கொள்ளும். அது விடுகிற ஐதரசன் சல்பைட்டுத்தான் உங்களுக்கு வரும் முட்டை நாற்றம். சல்பேற்றுத் தீர்ந்த ஆழத்தில்தான் மெதேன் செய்கிறவற்றுக்கு முறை வரும், அங்கே அவை பெரும்பாலும் காபனீரொட்சைட்டிலிருந்து செய்யும், எண் மைனஸ் 60க்கும் கீழே இறங்கும். நன்னீர் வயலில் அசற்றிக்கமிலம் உடைந்து வரும் மெதேன் கூடுதல், அது மைனஸ் 50க்கும் மைனஸ் 65க்கும் நடுவே இருக்கும். மெதேனிலுள்ள ஐதரசனிலும் பாரமான சமதானி உண்டு. அதையும் சேர்த்து அளந்தால் உப்புச் சேற்று வாயுவா, நன்னீர்ச் சேற்று வாயுவா என்று இன்னும் தெளிவாகப் பிரியும். ஒரே குடாக் கரையில் தம்பலகாமத்து வயல் ஒரு விதம், உங்கள் கண்டல் சேறு இன்னொரு விதம்.

யாழ்ப்பாணத்திலிருந்து: ஒரே ஒரு எண்ணை வைத்துத் தீர்ப்புச் சொல்லலாமா? அது ஏமாற்றாதா?

ஏமாற்றும். அதனால்தான் ஒரே எண்ணைக் காட்டி "பெற்றோலியம்தான்" என்று அடித்துச் சொல்கிறவரை நம்பக் கூடாது.

முதல் ஏமாற்று, மெதேனைத் தின்னும் நுண்ணுயிர்கள். சேற்றிலிருந்து மேலே வரும் வாயு ஒட்சிசன் உள்ள படையைத் தாண்டும்போது இவை பாதியைத் தின்றுவிடும். இவையும் இலேசான காபனையே முதலில் எடுப்பதால் மிச்சம் வருவது பாரமாகிவிடும். மைனஸ் 60இல் பிறந்த வாயு மைனஸ் 40 என்று காட்டி, ஆழத்திலிருந்து வந்தவன் நான் என்று பொய்ச் சாட்சி சொல்லும். இரண்டாவது, கலப்பு. நுண்ணுயிர் வாயுவும் வெப்ப வாயுவும் சேர்ந்தால் நடுவில் ஒரு எண் வரும், அது இரண்டில் எதுவும் இல்லை.

மூன்றாவதுதான் என்னை மிகவும் கவர்ந்தது. கனடாவின் ஒன்ராறியோவில் கிட் கிறீக் என்று ஆழமான சுரங்கம் ஒன்று இருக்கிறது, நம் பாறையைவிடவும் மிகப் பழைய பாறை. அங்கே பாறை வெடிப்புகளில் வரும் வாயுவை பார்பரா ஷெர்வுட் லோலரும் குழுவினரும் ஆராய்ந்து 2002இல் வெளியிட்டார்கள். சாதாரண பெற்றோலிய வாயுவில் மெதேன் மிக இலேசாகவும், எதேன் அதைவிடப் பாரமாகவும், புரொப்பேன் இன்னும் பாரமாகவும் படிப்படியாக ஏறும், ஏனென்றால் அது பெரியதை முறித்து வந்தது. கிட் கிறீக்கில் இது தலைகீழ், எதேன் மெதேனைவிட இலேசு. சின்ன மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரியதானால்தான் அப்படி வரும். உயிரின் கை படாமல், தண்ணீரும் பாறையும் சேர்ந்து செய்த ஐதரோகாபன்! மெதேனின் எண்ணை மட்டும் பார்த்திருந்தால் இது சாதாரண வெப்ப வாயு என்று தள்ளியிருப்பார்கள். எதேன், புரொப்பேன் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பார்த்ததால்தான் பிடிபட்டது.

நிலாவெளியிலிருந்து: காற்றிலுள்ள மெதேன் கூடுவதற்கு மாடும் வயலும் காரணமா, எண்ணெய்க் கிணறுகள் காரணமா என்று இதை வைத்துச் சொல்ல முடியுமா?

ஓரளவுக்கு முடியும். காற்றிலுள்ள மெதேனின் எண் இப்போது மைனஸ் 47 அளவில் இருக்கிறது. 2007இலிருந்து மெதேன் கூடக் கூட அதன் காபன் இலேசாகிக்கொண்டே வருகிறது. அதனால் ஈரநிலம், கால்நடை, குப்பை போன்ற நுண்ணுயிர் மூலங்களின் பங்கு கூடுகிறது என்றே பல ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். எண்ணெய், வாயுக் கசிவு குறைந்துவிட்டது என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது, இரண்டும் சேர்ந்தே கூடலாம்.

கந்தளாயிலிருந்து: இதே முறையில் தேனில் சீனி கலந்ததைப் பிடிக்கலாம் என்கிறார்களே?

கரும்புச் சீனி கலந்ததைப் பிடிக்கலாம். கரும்பு காபனைப் பிடிக்கும் வழி வேறு, அதன் எண் மைனஸ் 12 அளவில் நிற்கும். தேனீ போகிற பெரும்பாலான பூக்கள் மைனஸ் 25 பக்கம். தேனின் எண் மேலே ஏறினால் யாரோ சீனிப்பாகு ஊற்றியிருக்கிறார்கள்.

மறுபடியும் தம்பலகாமம், முதற் கடிதம் எழுதியவரின் மகன்: மாமா, நீங்கள் வந்து போனபிறகு அப்பா காசு கட்டவில்லை. ஆனால் எனக்கு அந்த எண் என்னவென்று அறிய ஆசையாக இருக்கிறது. மாதிரி எப்படி எடுப்பது?

நல்லது தம்பி. முதலில் ஒரு எச்சரிக்கை. காற்றில் மெதேன் நூற்றுக்கு 5 முதல் 15 வரை கலந்தால் வெடிக்கும். வாய்க்காலில் திறந்த வெளியில் ஒரு குச்சியைக் காட்டியது தப்பித்தது, கிணற்றுக்குள்ளோ மூடிய தொட்டியிலோ ஒருபோதும் செய்யக் கூடாது. மூடிய கிணற்றில் இறங்கவும் கூடாது, அங்கே மூச்சுக்குக் காற்றே இல்லாமல் இருக்கலாம்.

ஊசி மருந்து வரும் கண்ணாடிப் போத்தல், தடித்த இறப்பர் மூடியோடு, இரண்டு மூன்று தேடிக் கழுவி எடு. கறியுப்பைக் கரையும் மட்டும் கரைத்த தண்ணீரை அதில் காற்றுக் குமிழி இல்லாமல் நிரப்பு. அந்த உப்புத் தண்ணீரில் மெதேன் அதிகம் கரையாது, நுண்ணுயிரும் அடங்கிக் கிடக்கும். இல்லாவிட்டால் போகிற வழியிலேயே அவை உன் வாயுவைத் தின்று எண்ணை மாற்றிவிடும். புனலைக் கவிழ்த்து, போத்தலைத் தண்ணீருக்குள்ளேயே அதன் மேல் பிடித்து, சேற்றைக் கிளறு. முக்கால் போத்தல் வாயு சேர்ந்ததும் நிறுத்து, முழுதாக நிரப்பாதே. தண்ணீருக்குள் வைத்தபடியே மூடியை அழுத்தி மூடு. இடம், திகதி, நேரம், தண்ணீரின் சூடு எல்லாவற்றையும் பென்சிலால் எழுதி ஒட்டு, பேனை மை அழிந்துவிடும். பிறகு தலைகீழாகவே நிமிர்த்தாமல் வைத்துக்கொள், மூடிக்கும் வாயுவுக்கும் நடுவே அந்தக் கால் பங்கு உப்புத் தண்ணீர் நிற்கட்டும். நான் அடுத்த சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன்.